பாதி பில்லிங் நிண்ட காலமை: ஒரு வீலான் பிழையை அடி வரைக்கும் தேடின கதை

கொழும்பு புறக்கோட்டையில ஒரு குறுக்குத் தெருவில இருக்கிற துணி மொத்தக்கடை இது. பேர் தேவையில்லை. சித்திரை வருசத்துக்கு முதல் கிழமைகளில அந்தத் தெருவில கால் வைக்க இடமிருக்காது, நாட்டாமிமார் வண்டிலை இழுத்துக்கொண்டு வழி விடச்சொல்லிக் கத்துவினம், வெளியூர்க் கடைக்காரர் விடியவே பஸ்ஸால இறங்கி வந்து நிப்பினம். அப்பிடியான ஒரு காலமை கடையில பில் போடுற கம்பியூட்டர் பாதி வேலை செய்யேல்லை. பாதி எண்டதைக் கவனியுங்கோ. முழுசா நிண்டிருந்தா சேர்வரைத்தான் எல்லாரும் பாத்திருப்பினம், பாதி நிண்டதாலதான் விசயம் வெளிய வந்தது.

இதை விரிவா எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. வீலான் எண்டா ஒரே சுவிட்சிலயும் கேபிளிலயும் ஓடுற நெட்வேர்க்கைத் தனித்தனியாப் பிரிச்சு வைக்கிறது, போர்ட் எண்டா கேபிள் கொழுவுற துவாரம், ப்ரேம் எண்டா அதால போற தரவுப் பொதி, டேக் எண்டா அது எந்த வீலானுக்குரியது எண்டு அதில போடுற அடையாளம். மிச்சப் பேரெல்லாம் போகப் போக விளங்கும். நெட்வேர்க் படிக்கிற பிள்ளையள் ஆக்சஸ் போர்ட், ட்ரங்க் போர்ட், நேட்டிவ் வீலான், பிவிஐடி எண்டு எல்லாத்தையும் பாடமாக்கி வைச்சிருக்கினம், ஆனா ஒரு போர்ட்டைக் காட்டி "இதுக்குள்ள டேக் இல்லாம ஒரு ப்ரேம் வந்தா அது எந்த வீலானுக்குப் போகும், இதால வெளிய போற ப்ரேமில டேக் இருக்குமோ இல்லையோ" எண்டு கேட்டா கன பேர் யோசிச்சுக்கொண்டு நிக்கினம். எனக்கு வீலான் எண்டா இந்த ரெண்டு கேள்விதான். மிச்சச் சொல்லெல்லாம் இதுக்கு வாற பதிலுகளுக்கு வைச்ச பேர். இந்தக் கடையில நடந்த அத்தனை கரைச்சலும் ஒரே ஒரு கேபிளின்ர ரெண்டு பக்கத்திலயும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாக்காததால வந்தது.

கட்டடத்தை முதல் சொல்லுறன். கீழ் மாடியில சில்லறைக் கவுண்டர். முதலாம் மாடியில கந்தோர், கணக்குப் பகுதி, சேர்வர், ரவுட்டர், நெட்வேர்க் கேபிளெல்லாம் வந்து சேர்ற மெயின் சுவிட்ச். இரண்டாம் மாடியில மொத்த வியாபாரக் கவுண்டரும், வெளியூர் ஆக்கள் இருந்து துணி பாக்கிற இடமும். அதுக்கு மேல ஸ்டோர். வீலான் அஞ்சு: 10 பில்லிங், 20 கந்தோர், 30 ஐபி போன், 40 கமரா, 50 வாடிக்கையாளர் வைஃபை. ஐபியும், எண்டா நெட்வேர்க்கில ஒவ்வொரு மெசினுக்கும் உள்ள முகவரி, அதே இலக்கத்தோடதான், பில்லிங்குக்கு 10.10.10, கந்தோருக்கு 10.10.20, வாடிக்கையாளர் வைஃபைக்கு 10.10.50 எண்டு. ரவுட்டரில இருந்து மெயின் சுவிட்சுக்கு ஒரே ஒரு கேபிள், அஞ்சு வீலானும் அதுக்குள்ளாலதான் போய் வருது, ஒரு வீலானில இருந்து இன்னொண்டுக்குப் போறதெண்டா ரவுட்டருக்குப் போய்த்தான் திரும்ப வரவேணும். ஐபி குடுக்கிறதும் அந்த ரவுட்டர்தான். ஆரோ முந்தி வடிவா யோசிச்சுப் போட்ட திட்டம் இது, அதில எனக்குக் குறை ஒண்டும் இல்லை.

அண்டைக்குக் காலமை

நான் போய்ச் சேர்ந்தவுடன கீழ் மாடிக் காசாளர் தங்கச்சி சொன்னதுதான் அண்டைக்குக் கிடைச்ச முதல் நல்ல தகவல். "அண்ணா, எனக்கு வேலை செய்யுது, பக்கத்து மெசினுக்குச் செய்யேல்லை. நான் நேற்று ஓஃப் பண்ண மறந்து போனன், அவ பண்ணிட்டா." அவ்வளவுதான் சொன்னா. அதுக்குள்ள அரைவாசி விடை இருந்துது.

ரெண்டு மெசினிலயும் ஐபியைப் பாத்தன். வேலை செய்யிறதில 10.10.10.37, கேட்வே, எண்டா வெளிய போற வாசல், 10.10.10.1. வேலை செய்யாததில 192.168.1.104, கேட்வே 192.168.1.1. இந்தக் கட்டடத்தின்ர திட்டத்தில 192.168 எண்டு ஒரு இலக்கமே இல்லை. அப்ப வேற ஆரோ உள்ளுக்க இருந்து ஐபி குடுக்கினம்.

ஐபி குடுக்கிற முறைக்குப் பேர் டிஎச்சிபி, அது நடக்கிற விதம் தெரிஞ்சா இது உடன விளங்கும். கம்பியூட்டர் ஒண்டு எழும்பின நேரம் அதுக்கு ஆரையும் தெரியாது, தன்ர ஐபியும் இல்லை, ஆரிட்டக் கேக்கிறதெண்டும் தெரியாது, அதால எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஒரு பிராட்காஸ்ட் ப்ரேம் அனுப்பும், போய்ச்சேரவேண்டிய மேக் அட்ரஸ், எண்டா சாமானைச் செய்யேக்கயே அதுக்குக் குடுத்த இலக்கம், முழுக்க எஃப் எஃப் எண்டு பன்னிரண்டு எஃப் இருக்கும். அதைக் கேட்ட டிஎச்சிபி சேர்வர் "இந்தா இந்த ஐபியை எடு" எண்டு ஓஃபர் அனுப்பும், கம்பியூட்டர் அதைக் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பும், சேர்வர் சரி எண்டு முடிக்கும். ரெண்டு சேர்வர் பதில் சொன்னா வழமையா முதல் வந்த பதிலைத்தான் கம்பியூட்டர் எடுக்கும். சொன்ன ஆள் உண்மையான ஆளோ எண்டு பாக்கிற வழி அந்த முறைக்குள்ள இல்லை. இரவு ஓஃப் பண்ணி காலமை போட்ட மெசினெல்லாம் தங்கட பழைய ஐபியைத் திரும்பக் கேட்டிருக்கும், புதுசா வந்த சாமான் "அது இந்த நெட்வேர்க்குக்குரிய இலக்கம் இல்லை" எண்டு மறுத்துப்போட்டுத் தன்ர இலக்கத்தைக் குடுத்திருக்கும். இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்த மெசின் பழைய இலக்கத்தோடயே நிண்டிட்டுது. தங்கச்சி சொன்னதின்ர விளக்கம் இதுதான்.

அடுத்தது, ஒரு கேபிளையும் தொடாமலே தெரிஞ்ச விசயம். முதலாம் மாடிக் கணக்குப் பகுதியில எல்லா மெசினும் சரியா வேலை செய்யுது. பிராட்காஸ்ட் எண்டது ஒரு வீலானைத் தாண்டாது, ஒரு வீலான் எண்டா ஒரு பிராட்காஸ்ட் எல்லை, ரவுட்டர் அதை அடுத்த பக்கம் விடாது. கணக்குப் பகுதி வீலான் 20 இல இருக்கு, அங்க சேதம் இல்லை, பில்லிங்குக்கு மட்டும் சேதம், அப்ப அந்தச் சாமான் வீலான் 10 போர்ட் ஒண்டிலதான் கொழுவியிருக்கவேணும். வீலான் பிரிக்காம எல்லாம் ஒண்டாக் கிடந்திருந்தா கணக்கு, போன், கமரா எல்லாம் சேர்ந்து விழுந்திருக்கும், எங்க தேடுறதெண்டும் தெரிஞ்சிருக்காது.

தேடின விதம் இப்பிடி. ஐபி பிழைச்ச மெசினில எந்த ஐபிக்கு எந்த மேக் எண்டு இருக்கிற ஏஆர்பி அட்டவணையை எடுத்தா 192.168.1.1 க்குரிய மேக் அட்ரஸ் வரும். மேக் அட்ரஸ் 48 பிட், அதில முதல் 24 பிட் செய்த கம்பெனிக்கு ஐட்ரிபிள்ஈ எண்ட தர அமைப்பு குடுத்த இலக்கம், அதைப் பாத்தா வீட்டுக்குப் பாவிக்கிற வைஃபை ரவுட்டர் செய்யிற கம்பெனி ஒண்டு. பிறகு மெயின் சுவிட்சின்ர மேக் அட்டவணை. சுவிட்ச் ஒவ்வொரு ப்ரேமும் உள்ள வரேக்க அனுப்பினவற்ற மேக் அட்ரஸ், வந்த போர்ட், வீலான் மூண்டையும் சேர்த்து எழுதி வைக்கும், கன சுவிட்சில 300 செக்கன் சத்தமில்லாட்டி அழிச்சுப்போடும். அந்த மேக் வீலான் 10 இல, போர்ட் 22 இல எண்டு காட்டினது. 22 ஆவது போர்ட் இரண்டாம் மாடி சுவிட்சுக்குப் போற கேபிள். இதில புதுசாப் பழகிற ஆக்கள் தடுமாறுவினம், 22 இலதான் சாமான் கொழுவியிருக்கு எண்டு நினைச்சு அதைக் கழட்டினா இரண்டாம் மாடி முழுக்கப் போயிடும். அந்தப் போர்ட்டுக்குப் பின்னால இன்னொரு சுவிட்ச் இருந்தா அதின்ர அட்டவணையைப் போய்ப் பாக்கவேணும். பாத்தன், அங்க போர்ட் 11. முதல் வேலையா அந்தப் போர்ட்டை மூடிப்போட்டு, ஐபி பிழைச்ச மெசினெல்லாத்தையும் நிப்பாட்டிப் போடச் சொன்னன். பில் ஓடத் தொடங்கிட்டுது, பிறகுதான் மாடி ஏறினன்.

வாடிக்கையாளர் இருக்கிற சோஃபாவுக்குப் பின்னால சின்ன வைஃபை ரவுட்டர் ஒண்டு, உள்பக்க மெசினுகளைக் கொழுவுற லான் போர்ட்டில கேபிள் கொழுவியிருந்துது. கொழுவினது இரண்டாம் மாடி விற்பனையாளர் ஒருத்தர். "அண்ணே, மட்டக்களப்பில இருந்து வாறவர் துணியைப் படம் எடுத்து வீட்டை அனுப்பிக் கேட்டுத்தான் ஓடர் தருவார், மேல வைஃபை மாதக்கணக்கா வேலை செய்யிறதில்லை, ரெண்டு மூண்டு பேர் கோவிச்சுக்கொண்டு போட்டினம், அதான் வாங்கிக் கொழுவினனான்" எண்டார். அந்தாளில பிழை சொல்ல எனக்கு மனம் வரேல்லை. வியாபாரத்துக்குத் தேவையான ஒண்டு மாதக்கணக்கா இல்லாமக் கிடந்தா ஆரோ ஒருத்தர் தனக்குத் தெரிஞ்ச வழியில செய்யத்தான் போறார். இன்னொண்டையும் அவருக்கு விளங்கப்படுத்தினன், அதே கேபிளை ரவுட்டரின்ர வான் போர்ட்டில, எண்டா இன்டர்நெட் வாற பக்கத்தில, கொழுவியிருந்தா பில்லிங் நிண்டிருக்காது, ஆனா வந்து போற ஆக்களின்ர போன் எல்லாம் அந்த ரவுட்டருக்குள்ளால பில்லிங் நெட்வேர்க்குக்கு வந்திருக்கும், ஒருத்தருக்கும் தெரிஞ்சுமிருக்காது. அது இதைவிட மோசம்.

வைஃபை ஏன் வேலை செய்யேல்லை

பில் ஓடுது எண்டவுடன முதலாளி முகம் தெளிஞ்சிட்டுது, அதோட விட்டிட்டுப் போயிருக்கலாம். ஆனா ரவுட்டரைக் கழட்டினதால விற்பனையாளரின்ர பிரச்சினை தீரேல்லை, ரெண்டு மாதத்தில வேற ஆரோ வேற ஒண்டைக் கொழுவுவினம். அதால உண்மையான கேஸ் எனக்கு இங்கதான் தொடங்கினது.

பழைய கதையைக் கேட்டன். போன ஐப்பசி இடிமழையில இரண்டாம் மாடி சுவிட்ச் எரிஞ்சு போச்சுது. கடைக்கு வேலை செய்து குடுத்த ஒரு நிறுவனம் வேற பிராண்டில புதுசு ஒண்டு பூட்டினது. அதுக்குப் பிறகுதான் அந்த மாடியில வாடிக்கையாளர் வைஃபை நிண்டது. போன் வைஃபையில சேரும், சிக்னல் முழுசா இருக்கும், ஐபி எடுக்கிறன் எண்டு சுத்திக்கொண்டே நிக்கும். வைஃபை பரப்புற பெட்டி, ஆக்சஸ் பொயின்ட், பழுது எண்டு சொல்லி அதையும் மாத்தியிருக்கினம், ஒரு வித்தியாசமும் வரேல்லை.

ஆனா அதே ஆக்சஸ் பொயின்டில ஊழியருக்கு வேற வைஃபை பேர் ஒண்டு இருக்கு, வீலான் 20 இல போற பேர், அது அருமையா வேலை செய்யுது. ஒரே பெட்டி, ஒரே ரேடியோ, ஒரே கேபிள். கீழ் மாடியில வாடிக்கையாளர் வைஃபையும் வேலை செய்யுது, அப்ப ரவுட்டரும் வீலான் 50 க்கு ஐபி குடுக்குது. இதை யோசிச்சிருந்தா ஆக்சஸ் பொயின்டுக்குக் காசு செலவழிச்சிருக்கத் தேவையில்லை. மிஞ்சினது ஒரு இடம்தான்: மெயின் சுவிட்சுக்கும் இரண்டாம் மாடி சுவிட்சுக்கும் இடையில வீலான் 50 என்ன ஆகுது?

இந்த இடத்தில டேக் எண்டா என்ன எண்டு சொல்லாம நகர ஏலாது. ஈதர்நெட் 1973 இல செரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில பொப் மெட்காஃபும் டேவிட் பொக்ஸும் தொடங்கின நேரம் எல்லா மெசினும் ஒரே கேபிளில தொங்கினது, வீலான் எண்ட யோசனையே அதில இல்லை, 1983 இல 802.3 எண்டு ஐட்ரிபிள்ஈ தரமாக்கின நேரமும் ப்ரேமுக்குள்ள போற இடத்து மேக், அனுப்பின இடத்து மேக், வகை அல்லது நீளம், தரவு, கடைசியில பிழை பாக்கிற நாலு பைட், அவ்வளவுதான். ஒரு சுவிட்சுக்குள்ளேயே போர்ட்டுகளைப் பிரிச்சு வைக்கிறது லேசு, சுவிட்சுக்கு எந்தப் போர்ட்டால வந்ததெண்டு தெரியும். ரெண்டு சுவிட்சுக்கு இடையில ஒரே கேபிள் போகேக்கதான் சிக்கல், அந்தப் பக்கம் போய்ச் சேர்ற ப்ரேம் எந்த வீலான் எண்டு எப்பிடித் தெரியும்? அதுக்குத்தான் 1998 இல 802.1க்யூ எண்ட தரம் வந்தது. அனுப்பினவற்ற மேக்குக்குப் பின்னால நாலு பைட் செருகுவினம். முதல் ரெண்டு பைட் 8100 எண்ட அடையாளம், மிச்ச ரெண்டு பைட்டில 3 பிட் முன்னுரிமைக்கு, 1 பிட் நெருக்கடியில கைவிடலாமோ எண்டு சொல்லுறதுக்கு, 12 பிட் வீலான் இலக்கத்துக்கு. 12 பிட் எண்டா 4096, அதில 0 உம் 4095 உம் ஒதுக்கியிருக்கு, பாவிக்கக்கூடியது 4094. ப்ரேமின்ர ஆகக்கூடின அளவு 1518 பைட்டில இருந்து 1522 ஆச்சுது. வீலான் முழுக்க நிக்கிறது இந்த நாலு பைட்டிலதான்.

முதலாளிக்கு நான் சொன்னது அவற்ற ஸ்டோரை வைச்சுத்தான். துணிக்கட்டு ஒவ்வொண்டிலயும் எந்த ஊர்க் கடைக்கு எண்டு சீட்டுக் கட்டுவினம், சீட்டில்லாம ஒரு கட்டு வந்தா ஸ்டோர்காரர் வழமையா ஒரு ஊருக்குரியது எண்டு எடுத்து அந்தப் பக்கம் போடுவார். ஏத்துற ஸ்டோரில சீட்டில்லாதது வவுனியாவுக்கு எண்டும் இறக்கிற ஸ்டோரில சீட்டில்லாதது காலிக்கு எண்டும் பழக்கமிருந்தா வவுனியாக் கட்டெல்லாம் காலிக்குத்தான் போகும், லொறியில ஒரு பிழையும் இருக்காது. அவர் உடன விளங்கிக்கொண்டார்.

இனி போர்ட்டுக்கு வருவம். கம்பியூட்டர், பிரின்டர் மாதிரிச் சாமானுக்கு டேக் தெரியத் தேவையில்லை, அது கொழுவுற போர்ட் ஒரு வீலானுக்கு மட்டும் உரியது, உள்ள வாறதுக்கும் டேக் இல்லை, வெளிய போறதுக்கும் டேக் இல்லை, அது ஆக்சஸ் போர்ட். ரெண்டு சுவிட்சுக்கு இடையில, சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் இடையில கன வீலான் போற போர்ட் ட்ரங்க். அந்த ட்ரங்கிலயும் ஒரே ஒரு வீலான் டேக் இல்லாம போகலாம், அது நேட்டிவ் வீலான், ஒண்டும் மாத்தாட்டி சிஸ்கோ சுவிட்சில அது 1. வேற பிராண்டுகளின்ர வெப் பக்கத்தில ட்ரங்க் எண்ட சொல்லே இருக்காது, சிலதில அந்தச் சொல் ரெண்டு மூண்டு கேபிளைச் சேர்த்து ஒண்டாப் பாவிக்கிறதுக்கு வைச்சிருப்பினம், கவனம். அங்க வெளிய போறதுக்கு ஒரு பக்கம் இருக்கும், எந்தெந்த வீலான் டேக்கோட, எது டேக் இல்லாம எண்டு. உள்ள வாறதுக்கு இன்னொரு பக்கம் இருக்கும், பிவிஐடி, டேக் இல்லாம வந்த ப்ரேமை எந்த வீலானில போடுறது எண்டு. ரெண்டும் தனித்தனி, ஒண்டை மாத்தினா மற்றது தானா மாறாது. சிஸ்கோவில நேட்டிவ் எண்டு ஒண்டை வைச்சா ரெண்டு திசையும் சேர்ந்து மாறும். இதுக்குப் பழகின கை அதில வேலை செய்யேக்க பிழைக்கிறது இந்த இடத்திலதான்.

இவ்வளவும் மனசில இருக்க ரவுட்டரின்ர டிஎச்சிபி பதிவைப் பாத்தன். இரண்டாம் மாடியில என்ர போனை வாடிக்கையாளர் வைஃபையில சேர்த்துப்போட்டுப் பாத்தா, என்ர போனின்ர மேக் வருது, டிஸ்கவர், ஓஃபர், டிஸ்கவர், ஓஃபர், டிஸ்கவர், ஓஃபர், ரிக்வெஸ்ட் ஒருக்காலும் இல்லை. கேள்வி ரவுட்டருக்கு வருது, பதில் போகுது, போனுக்குப் போய்ச் சேரேல்லை. ஒரு திசை மட்டும் செத்திருக்கு, அதுவும் ஒரு வீலானுக்கு மட்டும். கேபிள் பழுது அப்பிடி நடக்காது, கேபிளுக்கு வீலான் தெரியாது.

அப்ப அந்த ஓஃபர் எங்க போகுது? இரண்டாம் மாடி பில்லிங் மெசின் ஒண்டில வந்து போற ப்ரேமுகளைக் காட்டுற வயர்ஷார்க் எண்ட மென்பொருளை ஓட விட்டன். 10.10.50.1 இல இருந்து வாற டிஎச்சிபி ஓஃபர், என்ர போனின்ர மேக் அட்ரஸுக்கு எழுதினது, பில்லிங் மெசினின்ர திரையில வரிசையா ஓடுது. அதோட கீழ் மாடியில நிக்கிற ஆக்களின்ர போன் கேக்கிற ஏஆர்பி பிராட்காஸ்டும். பில்லிங் நெட்வேர்க்கில ஒருக்காலும் காணக்கூடாத இலக்கம் அது.

பிறகு சுவிட்சுகளின்ர அமைப்பை, கொன்பிகை, வாசிக்கிறது உறுதிப்படுத்துறதுக்கு மட்டும்தான். மெயின் சுவிட்ச் போர்ட் 22: ட்ரங்க், நேட்டிவ் வீலான் 50. கன காலத்துக்கு முதல் இரண்டாம் மாடியில சுவிட்ச் இல்லாம ஆக்சஸ் பொயின்ட் ஒண்டை நேர அந்தப் போர்ட்டில விட்டிருக்கினம், அது வாடிக்கையாளர் வைஃபையை டேக் இல்லாம அனுப்பினது, அதுக்காக வைச்ச 50 அப்பிடியே கிடந்திட்டுது. எரிஞ்ச பழைய சுவிட்சிலயும் அதே 50 தான் இருந்திருக்கவேணும், அதால அது இருந்த வரைக்கும் ஒண்டும் தெரியேல்லை. புது சுவிட்சில மேல போற போர்ட் 16: வீலான் 10, 20, 30, 40, 50 எல்லாம் டேக்கோட, வடிவாத்தான் போட்டிருக்கு. பிவிஐடி 10. எல்லாப் போர்ட்டையும் ஒண்டாத் தெரிவு செய்து 10 எண்டு குடுத்திருக்கு, ஏனெண்டா அந்த மாடியில கூடுதலா பில்லிங் மெசின்தான்.

இப்ப ப்ரேமோட நடந்து பாருங்கோ. என்ர போன் கேள்வி கேக்குது, ஆக்சஸ் பொயின்ட் 50 எண்டு டேக் போட்டு சுவிட்சுக்குக் குடுக்குது, சுவிட்ச் போர்ட் 16 ஆல டேக் 50 ஓட அனுப்புது, மெயின் சுவிட்ச் வாங்கி வீலான் 50 இல போட்டு ரவுட்டருக்குக் குடுக்குது. சரி. ரவுட்டர் ஓஃபர் அனுப்புது, மெயின் சுவிட்ச் போர்ட் 22 ஆல வெளிய விடுது, 50 அதுக்கு நேட்டிவ், அதால டேக் இல்லாம விடுது. இரண்டாம் மாடி சுவிட்ச் டேக் இல்லாத ப்ரேமைக் காணுது, பிவிஐடி 10, வீலான் 10 இல போடுது. இந்த சுவிட்ச் மேக் அட்டவணையை வீலான் வீலானாத்தான் வைச்சிருக்கு, என்ர போன் 50 இல எந்தப் போர்ட் எண்டு அதுக்கு நல்லாத் தெரியும், 10 இல அப்பிடி ஒரு மேக்கைக் கண்டதே இல்லை. கண்டிராத மேக்குக்கு வந்த ப்ரேமை சுவிட்ச் அந்த வீலானின்ர எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். அதால பில்லிங் மெசின் எல்லாத்துக்கும் போகுது, ஆக்சஸ் பொயின்ட் போர்ட் வீலான் 10 இல இல்லாததால அதுக்கு மட்டும் போகேல்லை.

ரெண்டு பக்கமும் சிஸ்கோவா இருந்திருந்தா தங்களுக்குள்ள கதைக்கிற சிடிபி மூலம் நேட்டிவ் வீலான் பொருந்தேல்லை எண்டு பதிவில எழுதியிருக்கும். வேற பிராண்டுக்கு அது இல்லை.

இந்தப் பிழை மாதக்கணக்கா மறைஞ்சு நிண்டதுக்குக் காரணம் அது பாதி சரியா இருந்ததுதான். அந்த போர்ட் 16 இல வீலான் 10 ஐ டேக் இல்லாம வெளிய விட்டிருந்தா இரண்டாம் மாடி பில்லிங் முழுக்க வாடிக்கையாளர் நெட்வேர்க்குக்குள்ள போய் விழுந்திருக்கும், சுவிட்ச் பூட்டின அண்டைக்கே கண்டுபிடிச்சிருப்பினம். வெளிய போறது சரி, உள்ள வாறது பிழை, பில்லிங் ஓடுது, போன் ஓடுது, கமரா ஓடுது, ஒரு வைஃபை மட்டும் இல்லை எண்டவுடன எல்லாரும் வைஃபை பெட்டியைத்தான் பாத்தவை. வேலை முடிச்சுக் குடுக்கிற ஆக்கள் பில் ஓடுது எண்டு பாத்திட்டுப் போறது காணாது, ஒவ்வொரு வீலானிலயும் ஒரு மெசினை வைச்சு ஐபி எடுத்துப் பாக்கவேணும், அஞ்சு வீலானுக்கு அது பெரிய வேலை இல்லை.

முதலாளி கேட்டார், "தம்பி, வந்து போன ஆக்களின்ர போன் எங்கட பில்லைக் கில்லைப் பாத்திருக்குமோ?" ட்ரங்கால நடந்த கசிவில பாத்திருக்க ஏலாது எண்டு சொன்னன், ஒரு பக்கம் மட்டும்தான் கசிஞ்சது, பில்லிங் மெசின் பதில் சொன்னாலும் அது டேக் 10 ஓட போகும், வாடிக்கையாளர் பக்கம் திரும்பாது. ஆனா சோஃபாவுக்குப் பின்னால இருந்த ரவுட்டருக்கு அந்தப் பதிலைச் சொல்ல ஏலாது எண்டதையும் சொன்னன், அதில சேர்ந்த போன் நேர வீலான் 10 இலதான் நிண்டது. அதால சேர்வரின்ர பாஸ்வேர்டுகள், பகிர்ந்து வைச்சிருந்த போல்டர்கள் எல்லாத்தையும் அண்டைக்கே மாத்த வைச்சன்.

செய்த திருத்தம்

கடை பூட்டின பிறகுதான் கை வைச்சன். சுவிட்சை மனேஜ் பண்ணுறது வீலான் 20 ஆல, டேக்கோட, அதால நேட்டிவை மாத்தேக்க தொடர்பு அறுபடாது, அதை முதலே பாத்து வைச்சுக்கொண்டன். 999 எண்டு ஒருத்தரும் இல்லாத வீலான் ஒண்டு, ரவுட்டருக்குப் போகாது, ஐபி இல்லை. தூரத்தில இருக்கிற சுவிட்சை முதல் மாத்தவேணும்: போர்ட் 16 இன்ர பிவிஐடி 999, டேக் உள்ள ப்ரேம் மட்டும் ஏற்கிறது எண்ட தெரிவும் போட்டது. பிறகு மெயின் சுவிட்ச் போர்ட் 22 இன்ர நேட்டிவ் 999. மாத்தினவுடன 50 உம் டேக்கோட போகத் தொடங்கினது, விற்பனையாளரின்ர போன் 10.10.50 இலக்கம் எடுத்தது, பில்லிங் மெசினில வயர்ஷார்க் அமைதியாச்சுது. கீழ் மாடி ட்ரங்கையும் அதே மாதிரி மாத்தினன், அங்க பிழை இல்லாட்டியும்.

இதோட சம்பந்தமா ஒண்டு: சிஸ்கோ மாதிரி கட்டளை அடிக்கிற சுவிட்சில ட்ரங்குக்குப் புது வீலான் ஒண்டைச் சேர்க்கேக்க ஆட் எண்ட சொல்லை விட்டா, அது சேர்க்காது, இருந்த பட்டியலை அழிச்சு அந்த ஒண்டை மட்டும் வைக்கும். தூரத்து சுவிட்சில அப்பிடி நடந்தா மாடி ஏறித்தான் சரிப்படுத்தவேணும்.

வீட்டு ரவுட்டர் பிரச்சினைக்கு டிஎச்சிபி ஸ்னூப்பிங். ஓஃபர் எந்தப் போர்ட்டால வரலாம் எண்டு சுவிட்சுக்குச் சொல்லி வைக்கிறது. மெயின் சுவிட்சில ரவுட்டர் கொழுவின போர்ட் மட்டும் நம்பிக்கையானது, மற்ற மாடிகளில மெயின் சுவிட்சுக்குப் போற போர்ட் மட்டும். வேற போர்ட்டால ஓஃபர் வந்தா சுவிட்ச் எறிஞ்சுபோடும். செய்துபோட்டு அதே வைஃபை ரவுட்டரைத் திரும்ப போர்ட் 11 இல கொழுவிப் பாத்தம், ஒரு பில்லிங் மெசினும் அசையேல்லை. பிறகு அந்தப் போர்ட்டை மூடி, சும்மா கிடந்த மற்றப் போர்ட்டுகளையும் மூடினது.

ஆரும் ஒரு கேபிளின்ர ரெண்டு நுனியையும் சுவரில கொழுவினா என்ன ஆகும் எண்டும் பாத்தன். ஈதர்நெட் ப்ரேமுக்கு ஆயுள் இல்லை, ஐபி பாக்கெட் மாதிரி ஒவ்வொரு தாவலுக்கும் குறையிற எண்ணிக்கை ஒண்டும் அதில கிடையாது, அதால வட்டம் ஒண்டு விழுந்தா ஒரு பிராட்காஸ்ட் சுத்திச் சுத்திப் பெருகி முழு நெட்வேர்க்கையும் விழுத்தும். அதைத் தடுக்கத்தான் 1985 இல ரேடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீ செய்தவ. சுவிட்சுகளில அது ஓடுது, ஆக்சஸ் போர்ட்டுகளில ஸ்பேனிங் ட்ரீச் செய்தி வந்தா போர்ட்டை மூடுற பிபிடியு கார்டும் போட்டாச்சு.

கடைசியா ஒரு தாள். அலுமாரிக் கதவில உள்பக்கமா ஒட்டினது. ஒவ்வொரு ட்ரங்க் கேபிளுக்கும் ஒரு வரி, இடப்பக்கம் இந்த நுனி, வலப்பக்கம் அந்த நுனி, டேக்கோட போற வீலான், டேக் இல்லாம போறது, டேக் இல்லாம வந்தா போடுறது. சுவிட்சுக்கு ஒரு தாள் எண்டு எழுதுற வழக்கம் எனக்குப் பிடிக்கிறதில்லை, அப்பிடி எழுதினா ஒரு கேபிளின்ர ரெண்டு நுனியும் ஒரே நேரம் கண்ணில படாது. ஆர் சுவிட்ச் மாத்த வந்தாலும் இந்தத் தாளைப் பாத்து வலப்பக்கத்தை நிரப்பினாக் காணும்.

இன்னும் முடியாத வேலை கீழ் மாடியில இருக்கு. கவுண்டருக்குக் கீழ அஞ்சு போர்ட் குட்டி சுவிட்சுகள், கொன்பிக் பண்ண ஏலாத சாதி, வீலான் எண்டா என்னெண்டு அதுக்குத் தெரியாது, அதுக்குப் பின்னால கொழுவுறது எல்லாம் ஒரே வீலானிலதான் விழும். இப்ப அதில பில்லிங் மெசினும் பில் பிரின்டரும் மட்டும் இருக்கிறதால சேதமில்லை, ஆனா ஆரும் அதில ஐபி போன் ஒண்டைக் கொழுவினா அது வீலான் 30 க்குப் போகாம 10 இல நிக்கும். ஒவ்வொரு கவுண்டருக்கும் தனிக் கேபிள் இழுக்கவேணும், வருசம் முடிஞ்சு கூட்டம் குறைஞ்ச பிறகு கேபிள் இழுக்கிற பெடியள் வருவாங்கள் எண்டு முதலாளி சொல்லியிருக்கிறார்.